காயத்தை அளந்த பார்லி மணிகள்

போலீஸும் கோர்ட்டும் இல்லாத ஊரில் வெட்டுக்குத்து நடந்தால் யார் தீர்த்துவைப்பார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஜார்ஜியாவின் கெவ்சுரேத்தியை வைத்துச் சொல்கிறேன்.

காகசஸ் மலையில், செச்சென்யா எல்லையை ஒட்டிய பகுதி அது. அங்குள்ள ஷாட்டிலி என்ற ஊர்ப் பக்கம் போக 2,676 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டவேண்டும், பனிக்காலத்தில் மாதக்கணக்கில் வழி அடைபட்டுவிடும். அந்தக் காலத்தில் அங்கே நிலப்பிரபு என்று யாரும் கிடையாது, அங்கிருந்த கெவ்சுர்கள் ராஜாவுக்கு நேரடியாகக் கட்டுப்பட்டவர்கள், ராஜாவோ எங்கேயோ இருந்தார். கோயில் காரியத்துக்கு கெவிஸ்பெரி என்ற பூசாரித் தலைவர், வழக்குக்கு முறை தெரிந்த பெரியவர்கள், அவ்வளவுதான். தீர்ப்பு சொன்னாலும் அதைப் பிடித்து நிறைவேற்றப் படை இல்லை. அப்படியானால் தீர்ப்பை இரண்டு பக்கமும் ஏற்கும்படி சொல்லியாக வேண்டும்.

இது லேசான காரியமில்லை. 2003-இல் லண்டன் ஆய்வாளர்கள் இருவரை உட்காரவைத்து, உன் விரலில் விழுந்த அதே அழுத்தத்தை எதிராளியின் விரலில் திருப்பிக் கொடு என்றார்கள். ஒவ்வொரு முறையும் அழுத்தம் ஏறத்தாழ 38 சதவீதம் கூடிக்கொண்டே போனது! யாரும் ஏமாற்றவில்லை. நாமே செய்யும் அசைவின் விளைவை மூளை முன்கூட்டியே கணித்து அந்த உணர்வைக் குறைத்துக்கொள்கிறது, அதனால் நாம் கொடுப்பது நமக்குக் குறைவாகவும் வாங்குவது அதிகமாகவும் தெரிகிறது. விரல் அழுத்தத்துக்கே இப்படியென்றால் வாள் காயத்துக்குச் சொல்லவா வேண்டும்?

கெவ்சுர்கள் செய்தது எனக்கு அத்தனை பிடிக்கும். முகத்தில் காயம்பட்டால் தழும்பின் நீளத்துக்குப் பார்லி மணிகளை அடுக்குவார்கள், ஒன்றை நெடுக்காக, அடுத்ததைக் குறுக்காக, மறுபடி நெடுக்காக. அந்த மணிகளின் எண்ணிக்கையை வைத்து, வெட்டியவன் எத்தனை மாடு தரவேண்டும் என்று முடிவாகும். எனக்கு எவ்வளவு வலித்தது, நீ எவ்வளவு லேசாகத்தான் வெட்டினாய் என்ற பேச்சுக்கே அங்கே இடமிருக்கவில்லை. மணி எல்லார் வீட்டிலும் இருந்தது, சந்தேகம் வந்தால் எதிர்த்தரப்பும் அடுக்கிப் பார்த்துக்கொள்ளலாம். நெடுக்கும் குறுக்குமாக மாறி மாறி வைப்பதால் முழுக்க நெடுக்காக வைத்து எண்ணிக்கையைக் குறைக்கவும் முடியாது, முழுக்கக் குறுக்காக வைத்துக் கூட்டவும் முடியாது. கூடவே, மாடு கொடுத்துக் கட்டுப்படியாகாது என்ற பயமும் வாளை உருவும் கையைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருக்கும்.

சந்நிதியில் சத்தியம் செய்யும் வழக்கமும் இருந்தது. சாமி தண்டிக்கும் என்பதை நான் நம்பவில்லை, ஆனால் ஊர் மொத்தமும் நம்பும் இடத்தில் பொய்ச்சத்தியம் செய்யக் கால் நடுங்கும் என்பதை நம்புகிறேன். தீட்டு என்று பெண்களைத் தனிக் குடிசையில் ஒதுக்கியதும் அதே நம்பிக்கைதான், அதை என்னால் மன்னிக்க முடியாது. இத்தனைக்கும் நடக்கிற சண்டையின் நடுவே ஒரு பெண் தலைத்துணியை எறிந்தால் வாளைத் தாழ்த்தியாக வேண்டும் என்பதும் அவர்கள் வழக்கமாகவே இருந்தது.

1950-களின் தொடக்கத்தில் சோவியத் அரசு இவர்களில் பெரும்பாலோரைச் சமவெளிக்கு இறக்கிவிட்டது. பெரியவர்கள் போனபின் இதையெல்லாம் யாரிடம் கேட்பது? மலையூர் வழக்கங்களைப் பதிவு செய்யப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், மொழி தெரிந்த சில பேரும் அவர்களுக்குச் சில வருடச் சம்பளமும் போதும், அந்தச் சின்னத் தொகையை ஒதுக்கத்தான் எந்த நாட்டிலும் மனசு வருவதில்லை.