படத்தில் குழாய் எங்கே?

மலேசியாவின் பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லித் தருகிறேன். நீர் சுழற்சி படம் வரையச் சொன்னால் பிள்ளைகள் தூக்கத்தில்கூட வரைவார்கள். மூலையில் சிரிக்கிற சூரியன், மேகம், மலை, கடல், சுற்றிலும் அம்புக்குறிகள். முழுப் புள்ளி. நானும் பல வருடம் சரி போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனவள்தான்.

ஒருநாள் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் கேட்டான்: “டீச்சர், தண்ணிதான் சுத்திச் சுத்தி வந்துகிட்டே இருக்கே, அப்புறம் எதுக்குச் சிக்கனமாப் புழங்கணும்?” சட்டென்று பதில் வரவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று சமாளித்தேன்.

மறுநாள் ஒரு லிட்டர் போத்தல் நிறையத் தண்ணீரும் ஒரு சிரிஞ்சும் கொண்டுபோனேன். போத்தல்தான் உலகத்துத் தண்ணீர் மொத்தமும். அதில் உப்பில்லாதது 25 மில்லி. அந்த 25-லும் 17 மில்லி பனியாக உறைந்து கிடக்கிறது, ஏழெட்டு மில்லி நிலத்தடியில். ஆறு, ஏரிகளுக்கு என்று மிஞ்சியது சிரிஞ்சு நுனியில் நின்ற ஒரே ஒரு சொட்டு. அதை ஒருத்தியின் உள்ளங்கையில் விட்டதும் வகுப்பே எட்டிப் பார்த்தது. சுழற்சியில் தண்ணீர் தீராது, உண்மைதான். ஆனால் நமக்கு வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்தில், குடிக்கிற மாதிரி கிடைக்கும் என்று அந்த அம்புக்குறிகள் எதுவும் சொல்லவில்லையே.

ஆவி குளிர்ந்து தண்ணீராவதைக் காட்டச் சிற்றுண்டிச்சாலை மைலோ ஐஸ் போதும். டம்ளரின் வெளிப்பக்கம் வியர்த்ததும் பாதிப் பேர் “ஒழுகுது” என்றார்கள். ஒழுகினால் மைலோ நிறத்தில் அல்லவா இருக்கவேண்டும்? ஒருவன் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, “இனிக்கல டீச்சர்!” என்று தீர்ப்புச் சொன்னான்.

சரி, நம் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? “தண்ணீர்மலை!” தைப்பூசத்துக்கு ஏறுகிற மலையாயிற்றே, வேறென்ன சொல்வார்கள்? முழுத் தப்பும் இல்லை. பினாங்குத் தீவின் மலையோடைகளும் ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகளும் கொஞ்சம் தருகின்றன. ஆனால் பினாங்கு எடுக்கும் ஆற்றுநீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் சுங்கை மூடாவினுடையது. அந்த ஆறு பிறப்பது பக்கத்து மாநிலமான கெடாவின் உலு மூடா காட்டில். லஹார் தியாங்கில் இறைத்து, சுங்கை டுவாவில் சுத்திகரித்து, குழாய் வழியாகத் தீவுக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் ஃபெர்ரியில் தாண்டுகிறீர்களே, அந்தக் கடலுக்கு அடியில் என்றேன். அன்றைக்கு அதற்குப் பிறகு பாடம் நடக்கவில்லை. குழாயை மீன் கடிக்குமா என்பதுதான் பேச்சு.

பாடநூல் படத்தில் மழை மலைமேல் விழுந்து நேரே கடலுக்கு ஓடுகிறது. காட்டு மண் அதைக் குடித்து வைத்துக்கொண்டு, மழையில்லாத மாதங்களிலும் ஆற்றுக்குக் கசியவிடுவது படத்தில் இல்லை. மரத்தை வெட்டினால் அடைமழையில் சேறும் வெள்ளமும், வறட்சியில் காய்ந்த ஆறும்தான். இன்னொரு மாநிலத்துக் காடு நம் வாளியை நிரப்புகிறது என்பதைப் பெற்றோர் பலரும் யோசித்ததில்லை. 2024 ஜனவரியில் வால்வு மாற்றும் வேலைக்காகப் பல பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றபோதுதான் வீட்டிலே அதைப் பேசினார்கள்.

வீட்டுப்பாடமாக ஒன்று கொடுக்கிறேன். இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் படமெடு. காலையில் யாரும் எழுவதற்கு முன் மறுபடி எடு. எண் மாறியிருந்தால் எங்கோ கசிவு. முதலில் கழிப்பறைத் தொட்டியைப் பார்க்கவேண்டும். தொட்டியில் கேசரிக் கலர் கொஞ்சம் போட்டு அரைமணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விட்டால், கசிகிற தொட்டியின் கீழே கிண்ணம் சிவக்கும். ஒரு பையனின் அப்பா ரப்பரை மாற்றிவிட்டு, “ரொம்ப நாளாச் சத்தம் கேட்டுச்சு டீச்சர், பழகிப்போச்சு” என்றார்.

இந்த வருடப் படங்களில் கடலுக்கடியில் குழாய் போகிறது. ஒருத்தி மேலே ஃபெர்ரியும் வரைந்து, காட்டுக்குத் தாளில் இடமில்லாமல் அதைப் பின்பக்கத்தில் வரைந்திருந்தாள்.