அங்கன்வாடி: சோற்றுக்குச் சட்டம் உண்டு, பாடத்துக்கு?

மூன்று வயது முடிந்த பிள்ளையை எங்கே சேர்ப்பது? இந்தியாவில் இதற்கு விடை, நீங்கள் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் கிராமங்களில் நடத்தும் அசர் கல்வி ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டின் கிராமப்புறங்களில் மூன்று வயதுக் குழந்தைகளில் 77.4 சதவீதம் பேர் அங்கன்வாடியிலோ வேறு முன்பருவ வகுப்பிலோ (முதல் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) சேர்ந்திருக்கிறார்கள். குஜராத், மகாராஷ்டிரம், ஒடிசா, தெலங்கானா ஆகியவற்றில் அந்த வயதுப் பிள்ளைகள் அனேகமாக எல்லோருமே சேர்ந்துவிட்டார்கள். மேகாலயத்திலோ பாதிப் பேருக்கு மேல் எங்குமே பெயர் பதியவில்லை.

அந்தந்த அரசின் அக்கறைதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதில் பாதி உண்மை உண்டு. மறு பாதி சட்டத்திலேயே இருக்கிறது.

அரசியலமைப்பின் 45ஆவது பிரிவு முதலில் எழுதப்பட்டபோது, பதினான்கு வயது முடியும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. மேல் எல்லை இருந்தது. கீழ் எல்லை இல்லை. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அடிப்படை உரிமையாகவே வாசித்தது. பிறகு வந்தது 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம். ஆறு முதல் பதினான்கு வயது வரை உரிமை என்று 21ஏ பிரிவு உறுதி செய்தது. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மட்டும் ‘அரசு முயலும்’ என்ற பழைய வாசகத்தோடு 45ஆவது பிரிவிலேயே தங்கிவிட்டார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் 11ஆவது பிரிவில் மூன்று முதல் ஆறு வயதினருக்கு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்றுதான் சொல்கிறது. ‘செய்ய வேண்டும்’ என்று சொல்லவில்லை.

உணவு விஷயத்தில் நிலைமை வேறு. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு பெறும் உரிமை உண்டு. கொடுக்காவிட்டால் அதற்குப் பதிலாக அரசு உணவுப் பாதுகாப்புப் படி என்ற பணத்தைத் தர வேண்டும். ஆக, மதியச் சாதம் வரவில்லை என்றால் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம். பாட்டும் கதையும் எண்ணும் எழுத்தும் சொல்லித்தரவில்லை என்றால் அப்படிக் கேட்க வழியில்லை.

‘செய்யலாம்’ என்ற அந்தச் சொல்லை ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொண்டது. பஞ்சாப் 2017 நவம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலேயே முன்பருவ வகுப்புகளைத் திறந்தது. அசாமில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முதல் வகுப்புக்கு முந்தைய ‘க’ வகுப்பு உண்டு. தமிழ்நாடு 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது. மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் அதிகமான மையங்கள் இருப்பதை நினைத்துப் பார்த்தால் இது சிறு பங்குதான். 2022இல் அந்த வகுப்புகளே நின்றுவிடும் நிலை வந்து, எதிர்ப்புக்குப் பிறகு தொடர்ந்தன. உரிமையாக இல்லாத ஒன்று எவ்வளவு எளிதில் ஆட்டம் காணும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

மையங்களை அமைக்கும் விதி மத்திய அரசுடையது; நாடு முழுதும் பெரும்பாலும் ஒன்றே. சமவெளியில் 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம். பழங்குடி, மலைப் பகுதிகளில் 300 பேர் இருந்தாலே போதும். ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு, மையம் வேண்டும் என்று கேட்கலாம். பணியாளருக்கு மத்திய விதி வகுத்த மதிப்பூதியம் 2018 முதல் மாதம் 4,500 ரூபாய். அதற்கு மேல் மாநிலம் எவ்வளவு சேர்த்துக் கொடுக்கிறது என்பதில்தான் வித்தியாசம் தொடங்குகிறது. எடை பார்த்து, சத்துமாவு கொடுத்து, பதிவேடும் செயலியும் நிரப்பிய பிறகு பாடத்துக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும் என்பதும் அந்த ஒரே பணியாளரின் தலையில்தான் விடிகிறது.

சேர்க்கை சதவீதங்களை ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. தேசியக் கல்விக் கொள்கை முதல் வகுப்புக்கு ஆறு வயது என்கிறது. கேந்திரிய வித்யாலயா பள்ளிகள் 2022–23இல் அதற்கு மாறிவிட்டன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஜூலை 31 அன்று ஐந்து முடிந்திருந்தால் போதும். ஒரே தெருவில் வசிக்கும் ஐந்தரை வயதுப் பிள்ளைகள் இருவரில் ஒருவர் முதல் வகுப்பு மாணவர், மற்றவர் இன்னும் யுகேஜி. எனவே ‘ஐந்து வயதினர் முன்பருவக் கல்வியில் குறைவு’ என்ற எண்ணை மட்டும் வைத்து ஒரு மாநிலத்தைக் குறை சொல்ல முடியாது.

தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் தரும் 25 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சிறுபான்மையினர் பள்ளி அல்லாத தனியார் பள்ளியில் முன்பருவ வகுப்பு இருந்தால், ஒதுக்கீடு அங்கிருந்தே தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் எல்கேஜி விண்ணப்பம் அதனால்தான். குஜராத்தில் முதல் வகுப்பிலிருந்துதான் சேர்க்கிறார்கள். அரசு தானே தருவதாக வாக்களிக்காத முன்பருவப் பாடம், தனியார் பள்ளி வழியாகச் சிலருக்கு மட்டும் உரிமையாகிறது.

நடைமுறைக்கு வருவோம். அங்கன்வாடியில் சேர வறுமைக்கோட்டு அட்டை வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். அதைத் தகுதியாக வைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபரிலேயே உத்தரவிட்டுவிட்டது. தமிழ்நாட்டில் இரண்டு வயது முடிந்த பிள்ளைகளே மையத்துக்கு வந்து சாப்பிடுகிறார்கள். வேலைக்காக ஒடிசாவிலிருந்து திருப்பூருக்கு வந்த குடும்பமும் இங்கே பெயர் பதியலாம். அங்கன்வாடிப் பதிவுகளுக்கான மத்திய அரசின் போஷன் டிராக்கர் செயலியில் பழைய மையத்துப் பதிவை இங்கே மாற்றிக்கொள்ள வசதி உண்டு. பிறந்த தேதிச் சான்றும், தடுப்பூசி அட்டையும், தாயின் ஆதார் எண்ணும் கையில் இருந்தால் வேலை சுலபம். மையத்தில் முதலில் கேட்க வேண்டியது, பள்ளி வளாக எல்கேஜி அருகில் இருக்கிறதா என்பதை. இல்லையென்றால், வரும் ஜூலை 31 அன்று பிள்ளைக்கு எத்தனை வயது என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்; ஐந்து முடிந்திருந்தால் அரசுப் பள்ளியில் முதல் வகுப்பிலேயே சேர்க்கலாம்.