கியூப் அறிக்கையில் தேறிய கொங்கிறீட், பல்கனியில் ஏன் வெடிக்கிறது?

"30 கேட்டோம், 36 வந்திருக்கிறது, ஐயா. பிறகு எப்படி வெடிப்பு வந்தது?" வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மேல்மாடி எடுப்பவர்கள் கியூப் பரிசோதனை அறிக்கையை நீட்டி அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அறிக்கை பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொல்வது அமுக்க வலிமையை மட்டும்தான். 150 மில்லிமீற்றர் கனவடிவக் கட்டியை 28ஆம் நாளில் இயந்திரத்தில் வைத்து நொறுங்கும்வரை அமுக்கிப் பெற்ற எண் அது. பல்கனியின் மேற்பரப்பையோ யாரும் அமுக்குவதில்லை, அது இழுபடுகிறது.

கொங்கிறீட்டின் இழுவை வலிமை அதன் அமுக்க வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதுவும் அமுக்க வலிமையின் அதே வேகத்தில் வளர்வதில்லை. கொங்கிறீட் வடிவமைப்புக்கான ஐரோப்பிய விதிமுறையான யூரோகோட் 2 தரும் சூத்திரத்தின்படி, கியூப் வலிமை சதுர மில்லிமீற்றருக்கு 30 நியூட்டனாக உள்ள கொங்கிறீட்டின் சராசரி இழுவை வலிமை 2.6. கியூப் வலிமையை 60 ஆக்கினாலும் இழுவை 4.1 வரைதான் ஏறும். எனவே "இரண்டு மூட்டை சீமெந்து கூடப் போடுங்கள், வெடிக்காது" என்ற பேச்சை நம்பாதீர்கள். சீமெந்துச் சாந்து கூடினால் உலரும்போது சுருக்கமும் கூடும். அந்தச் சுருக்கமே வெடிப்பைக் கொண்டுவரும்.

காரணம் கல்லும் சாந்தும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. சுமை ஏறுவதற்கு முன்பே அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் உண்டு. அமுக்கும்போது அவற்றில் பல மூடிக்கொள்ளும். எஞ்சியவை வளர்ந்து ஒன்றுசேரப் பெரிய சுமை வேண்டும். இழுக்கும்போது ஒரேயொரு வெடிப்பு வாய் திறந்தால் போதும். வெண்கட்டியை விரல்களுக்கிடையில் நசுக்குவது கடினம், வளைத்தால் உடனே முறிகிறது அல்லவா? உருளை வடிவ மாதிரியைப் படுக்கவைத்து மேலிருந்து அமுக்கும் பிளவுச் சோதனையைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். நொறுங்கலே இல்லாமல், உருளை நடுவே நேர்கோட்டில் இரண்டாகப் பிளந்துவிடும்.

இதனால்தான் வடிவமைக்கும்போது, சுமையால் வளையும் கொங்கிறீட் தட்டில் கொங்கிறீட்டின் இழுவை வலிமையைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அந்த வேலை முழுவதும் கம்பிக்குரியது. சுவரிலிருந்து வெளியே நீளும் பல்கனியில் இழுவை மேற்புறத்தில் வருவதால், முதன்மைக் கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். தளத்தில் நடப்பது என்ன? கம்பியைச் சரியாகத்தான் கட்டுகிறார்கள். கொங்கிறீட் போடும் நாளில் அதன்மேல் ஆட்கள் நடக்கிறார்கள், தள்ளுவண்டி ஓடுகிறது. தாங்கும் கம்பி நாற்காலிகள் போதாவிட்டால் கம்பி வலை கீழே படுத்துவிடும். 125 மில்லிமீற்றர் தட்டில், அடிப்பரப்பிலிருந்து 95இல் இருக்க வேண்டிய கம்பி 40 மில்லிமீற்றர் இறங்கி 55இல் நின்றால், தாங்குதிறனில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் போய்விடும். எந்தக் கியூபும் இதைக் காட்டாது. இதைவிட ஆபத்தான தவறு சிறு வீடுகளில் குறைவு என்பேன். பலகை அடித்துக் கம்பி கட்டியதும் கொங்கிறீட் லொறியை அழைக்காதீர்கள். முதலில் பொறியியலாளரை அழையுங்கள்.

மயிரிழை வெடிப்பு எல்லாம் ஆபத்தல்ல. 0.3 மில்லிமீற்றர் வரையான அகலத்தை விதிமுறைகளே பெரும்பாலும் ஏற்கின்றன. ஆனால் பல்கனியின் மேற்புறத்தில், சுவரோரமாக, சுவருக்கு இணையாக ஓடும் வெடிப்பு வேறு கதை. கடற்கரையை ஒட்டிய காலி வீதிப் பக்கத்தில் அதற்குள் மழைநீரோடு உப்பும் இறங்கும். துருப்பிடித்த கம்பி பருத்து உள்ளிருந்தே கொங்கிறீட்டைத் தள்ளும், அதுவும் இழுவைதான்.

அப்படி ஒன்றைக் கண்டால் சாந்து பூசி, பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். தண்ணீர்த் தாங்கி, பூச்சாடி, சீமெந்து மூட்டை எதுவாக இருந்தாலும் விளிம்பிலிருந்து உடனே அகற்றுங்கள். பிள்ளைகளை அங்கே விடாதீர்கள். கம்பி எந்த ஆழத்தில் கிடக்கிறது என்பதை உடைக்காமலே காட்டும் கருவி இருக்கிறது. பொறியியலாளர் அதை வைத்துப் பார்த்த பிறகு, தாங்கு கொடுப்பதா இடித்துப் போடுவதா என்று முடிவு செய்யலாம்.