காஜி கொடுத்த தலாக் தாளும் ஜீவனாம்சமும்: எது செல்லும், எது செல்லாது

"தலாக் முடிஞ்சிடுச்சு, இத்தா பணமும் கொடுத்தாச்சு, இனி உனக்கு ஒண்ணும் கிடையாது." இப்படிச் சொல்லி அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்தாகிவிட்டது. (இத்தா என்பது தலாக்குக்குப் பிறகு பெண் காத்திருக்கும் சுமார் மூன்று மாதக் காலம்.) கையில் முத்திரை குத்திய ஒரு தாள் இருக்கும். அதை நீதிமன்ற உத்தரவு என்று நம்பி, கேட்க வேண்டியதைக் கேட்காமலே வருடங்களை ஓட்டியிருப்பார்கள். அந்தத் தாள் நீதிமன்ற உத்தரவு அல்ல.

பின்னணி கொஞ்சம்தான். நிக்காஹ் நடத்தி வைக்கும் மார்க்க அறிஞர்களான காஜிகளை அரசு நியமிக்கும் வழக்கத்தை பிரிட்டிஷ் ஆட்சி 1864இல் நிறுத்தியது. அரசு நியமித்த காஜி இருந்தால்தான் நிக்காஹ் என்ற வழக்கம் சில பகுதிகளில் இருந்ததால், 1880இல் காஜிகள் சட்டம் வந்தது. பதவியைத் தந்த அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீர்ப்புச் சொல்லும் அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ காஜிக்குக் கிடையாது என்றும் சொல்லிவிட்டது. 1937இன் ஷரீஅத் சட்டப்படி திருமணம், தலாக், மஹர் (கணவன் மனைவிக்குத் தர வேண்டிய திருமணக் கொடை), ஜீவனாம்சம் எல்லாம் மார்க்கச் சட்டப்படிதான். ஆனால் வழக்கு என்று வந்தால் முடிவு சொல்வது நீதிமன்றம். சுதந்திரத்துக்குப் பிறகும் இதே ஏற்பாடுதான்.

இதனால்தான் காஜி தரும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்து மட்டுமே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் சொன்னது. தனியார் ஷரீஅத் கவுன்சில் தரும் குலா (மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து) சான்றிதழ் செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2023இல் சொன்னது. குலா தாளை நம்பி மறுமணம் செய்யப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

சரி, ஜீவனாம்சம். தலாக் ஆன முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டத்தின்கீழ் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 10 அன்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவுதான் இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144ஆம் பிரிவு. 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் சட்டத்தின்கீழ் கேட்கும் வழியும் தனியாக இருக்கிறது. அந்தச் சட்டத்திலும் இத்தா காலச் செலவோடு கணக்கு முடிவதில்லை. அவளுடைய எதிர்கால வாழ்க்கைக்கும் சேர்த்து நியாயமான தொகையை இத்தா காலத்துக்குள் கணவன் கொடுத்தாக வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2001 தீர்ப்பு. "மூணு மாசப் பணம்தான் ஷரீஅத்" என்று பஞ்சாயத்தில் யார் சொன்னாலும் இதைச் சொல்லுங்கள்.

பெண்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கையெழுத்தில்தான். ஜமாத்தில் பேசி முடிக்கும்போது "இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம்" என்று எழுதிய தாளை நீட்டுவார்கள். மனமொத்துப் பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று 144ஆம் பிரிவே சொல்கிறது. பின்னால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து வைப்பது அந்தத் தாளைத்தான். அதேபோல "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று ரசீது எழுதாதீர்கள். மஹர் வாங்கினால் மஹர் என்று மட்டும் எழுதுங்கள், நகை வாங்கினால் நகை என்று மட்டும். ஏற்கெனவே "ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? அதற்காக ஒதுங்கிவிடாதீர்கள். அப்படி எழுதி வாங்கி இந்த உரிமையைப் பறிக்க முடியாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

அடுத்தது அலைச்சல். மகளிர் காவல் நிலையத்தில் "இது உங்க ஜமாத் விஷயம்" என்பார்கள். ஜமாத்தில் "மாப்பிள்ளை வந்தால்தான் பேசலாம்" என்பார்கள். மாப்பிள்ளை வளைகுடாவில் இருப்பார். இந்த வட்டத்தில் சுற்ற வேண்டியதே இல்லை. ஜீவனாம்சத்துக்குக் காவல் நிலையமும் தேவையில்லை, ஜமாத் கடிதமும் தேவையில்லை, நேராக நீதிமன்றத்துக்குப் போகலாம். கணவனின் ஊருக்கும் போக வேண்டாம். நீங்கள் இப்போது குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். ஒரே நேரத்தில் மூன்று முறை தலாக் சொல்லும் முத்தலாக் என்றால் மட்டும் கதை வேறு. நேரில், கடிதத்தில், வாட்ஸ்அப்பில், எப்படிச் சொல்லியிருந்தாலும் அது செல்லாது. 2019 சட்டப்படி அது குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. மனைவியோ, ரத்த உறவினரோ, திருமண உறவினரோ புகார் கொடுத்தால் போலீஸ் எடுத்துத்தான் ஆக வேண்டும். புகாருக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். அந்த வாட்ஸ்அப் செய்தி இருக்கும் போனை விற்காதீர்கள், மாற்றாதீர்கள்.

"மேரேஜ் சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டு மனுவைத் திருப்புவதும் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லா மதத்தினரும் திருமணத்தைப் பதிய வேண்டும்தான். ஆனால் பலரிடம் பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேடு மட்டுமே இருக்கும். ஜீவனாம்ச வழக்குக்கு அதன் நகல், ரேஷன் கார்டு, தகப்பன் பெயருள்ள பிள்ளையின் பிறப்புச் சான்று, கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றை வைத்தே நிரூபிக்கலாம். பதிவேட்டு நகலை சண்டை முற்றுவதற்கு முன்பே வாங்கி வையுங்கள், அப்புறம் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

வக்கீல் பணம் பற்றிக் கவலை வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். எண் 15100. "வருமானச் சான்றிதழ் கொண்டு வா" என்று யாராவது திருப்பி அனுப்பினால், அது சட்டத்தில் இல்லாத நிபந்தனை.

மனுவோடு சேர்த்து இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்கள். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் முடிந்தவரை அதைத் தீர்க்க வேண்டும் என்பது சட்டம். கேட்காவிட்டால் யாரும் தரமாட்டார்கள். இரு தரப்பும் சொத்து, வருமானம் பற்றிப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கணவன் அதைத் தராமல் வாய்தா வாங்கிக்கொண்டே போனால் உங்கள் வக்கீலை விடாமல் கேட்கச் சொல்லுங்கள்.

உத்தரவு வந்த பிறகும் பணம் வராமல் போகலாம். அப்போது "தருவான், பார்ப்போம்" என்று காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும், அது சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட்டால்தான் வாரண்ட் கிடைக்கும். ஒரு வருடம் தாண்டிய பாக்கிக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.