முதல் மூவே ஜி4-ஆ?

மறுபடியும் அதே மாதிரி ஒரு சதுரங்க ஸ்கோர் ஷீட். வெள்ளைக் காய், முதல் மூவ் ஜி4 (ராஜா பக்கத்து ஜி வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது), இருபது மூவுக்குள் தோல்வி. ஏன் ஆடினாய் என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளிடமிருந்தும் வருவது ஒரே பதில்தான்: "யாருக்கும் தெரியாத ஓப்பனிங் சார், அவன் குழம்பிடுவான்னு நினைச்சேன்." எதிரே இருந்தவன் குழம்பவே இல்லை. டி5 ஆடினான், இ5 ஆடினான், குதிரைகளை வெளியே எடுத்தான், ஜெயித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

இந்த "குழம்பிடுவான்" கணக்கைத்தான் முதலில் உடைக்க வேண்டும். வெள்ளை இ4 ஆடினால் கறுப்புக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. சிசிலியன் தற்காப்பா, பிரெஞ்சுத் தற்காப்பா, நேரே இ5-ஆ என்று முடிவெடுக்க வேண்டும். எடுத்த பிறகு அதில் பத்துப் பன்னிரண்டு மூவாவது தெரிந்திருக்க வேண்டும். ஜி4 ஆடினால் அவன் எதையும் படித்திருக்க வேண்டியதில்லை. நடுவில் இரண்டு சிப்பாய், வெளியே இரண்டு குதிரை, ராஜாவை யானையோடு சேர்த்து ஓரத்தில் பத்திரப்படுத்தும் காஸ்லிங்; முதல் வாரப் பாடம் போதும். படித்திருக்க வேண்டியது நீங்கள்தான், ஏனென்றால் ஒரு மூவ் பிசகினால் இடிவது உங்கள் ராஜாவின் வீடு. இன்னொன்று: 1400 ரேட்டிங்குக்குக் கீழே எந்த ஓப்பனிங் ஆடினாலும் ஆறாவது மூவுக்குள் இருவருமே சொந்தப் புத்தியில்தான் ஆடுகிறார்கள். எதிராளியைத் தியரியிலிருந்து, அதாவது மனப்பாடம் செய்த மூவ்களிலிருந்து, வெளியே தள்ள வேண்டுமாம். அவன் அதற்குள் போனதே இல்லையே!

ஜி4-க்கு க்ரோப் என்று பெயர். சுவிட்சர்லாந்து மாஸ்டர் ஹென்றி க்ரோப் அஞ்சல் வழி ஆட்டங்களில் இதை ஏராளமாக ஆடிப் பார்த்தவர். இங்கிலாந்தின் மைக்கேல் பாஸ்மன் போட்டிகளிலேயே துணிந்து ஆடினார். இருவரும் அதற்குள்ளேயே உழன்றவர்கள். ஒரு வீடியோ பார்த்துவிட்டு ரவுண்டுக்கு வந்து உட்கார்ந்தவர்கள் இல்லை.

வீடியோவில் காட்டும் பொறி இதுதான். ஜி4 டி5, பிஷப் ஜி2, கறுப்பு பிஷப்பால் ஜி4 சிப்பாயை எடுக்கும், வெள்ளை சி4. இப்போது கறுப்பு ஆசைப்பட்டு சி4-ஐயும் எடுத்தால் வெள்ளை பிஷப் பி7-ஐ வெட்டி ஏ8 யானையைப் பிடித்துவிடும். அதிலும் அந்த பிஷப் திரும்பி வராது. மிஞ்சுவது பிஷப்புக்கு ஒரு யானை. சரி, கறுப்பு எடுக்காமல் சி6 ஆடினால்? வீடியோ அங்கேயே முடிந்துவிடுகிறது. வெள்ளை டி5-இல் வெட்ட, கறுப்பு சி சிப்பாயால் திருப்பி வெட்ட, ராணி பி3 வந்து பி7-ஐயும் டி5-ஐயும் சேர்த்துத் தாக்கும். கறுப்பு அமைதியாகக் குதிரையை எஃப்6-க்கு எடுக்கும். ராணி பி7-ஐச் சாப்பிடட்டும். இன்னொரு குதிரை டி7-க்கு வரும். சிப்பாய்க் கணக்கு சமம்தான். ஆனால் கறுப்புக்கு மூன்று காய்கள் வெளியே, அடுத்து யானை பி8 வந்து ராணியை விரட்டும். வெள்ளைக்கோ ஜி சிப்பாயே இல்லை. காஸ்லிங் செய்து எங்கே ஒளிவது?

எச்சரிக்கையான கறுப்பு ஜி4 சிப்பாயைத் தொடவே தொடாது. இரண்டாவது மூவிலேயே சி6, வெள்ளை எச்3 என்றால் இ5, பிறகு சமயம் பார்த்து எச்5. வெள்ளை அதை எடுத்தால் எச்3 அநாதை. விட்டால் எச் வரிசை திறந்து ஜி4 ஆட்டம் காணும். ஜி5 என்று தாண்டினால் அந்தச் சிப்பாயைக் கடைசிவரை காவல் காக்க வேண்டும். (கறுப்பில் ஜி4-ஐச் சந்திக்கும் பிள்ளைகளே, இதை மட்டும் பழகிக்கொள்ளுங்கள், போதும்.)

ஜி4-க்குக் கறுப்பு இ5 ஆடினால் எஃப் சிப்பாயைத் தொடாதீர்கள். எஃப்3-ஆனாலும் எஃப்4-ஆனாலும் ராணி எச்4, இரண்டாவது மூவில் செக்மேட். இதைக்கூட எழுத வேண்டியிருக்கிறது.

உடனே ஒருவர் கேட்பார்: "மைல்ஸ் கார்ப்போவையே ஏ6 ஆடி ஜெயிக்கலையா?" ஜெயித்தார். 1980-இல் ஸ்வீடனின் ஸ்காராவில், இ4-க்கு ஏ6, டி4-க்கு பி5. கார்ப்போவ் அப்போது உலகச் சாம்பியன். ஆனால் டோனி மைல்ஸ் கிராண்ட்மாஸ்டர். அவருடைய ராஜா பக்கத்தில் ஒரு சிப்பாய்கூடத் தேவையில்லாமல் நகரவில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. எதிர்ப்பக்கக் கணக்கையும் பாருங்கள். 1970-இல் பெல்கிரேடில் டென்மார்க் கிராண்ட்மாஸ்டர் லார்சன் தனக்குப் பிடித்த பி3 ஆடினார். அன்றைய உலகச் சாம்பியன் ஸ்பாஸ்கி கறுப்பில் பதினேழே மூவில் முடித்துவிட்டார். அத்தனைக்கும் பி3 நல்ல மூவ்.

வித்தியாசமாக ஆடித்தான் தீருவேன் என்றால் பி3 ஆடுங்கள், பி4 ஆடுங்கள், தடுக்கமாட்டேன். பி4-க்கு இ5 என்றால் பிஷப் பி2. அவன் பி4-ஐ எடுத்தால் நீங்கள் இ5-ஐ எடுங்கள். ஓரச் சிப்பாயைக் கொடுத்து நடுச் சிப்பாயை வாங்குகிறீர்கள், ராஜா பக்கம் அப்படியே பத்திரம். எஃப்4-உம் ஆடலாம், ஆனால் கறுப்பின் இ5 கேம்பிட் (சிப்பாயைக் காவு கொடுத்துத் தாக்கும் ஓப்பனிங்) தெரியாமல் வேண்டாம். நீங்கள் இ5-ஐ எடுக்க, அவன் டி6, நீங்கள் அதையும் எடுக்க, அவன் பிஷப்பால் எடுப்பான். அந்த இடத்தில் குதிரை எஃப்3 ஆடியே ஆக வேண்டும். மறந்துபோய் சி3-க்குக் குதிரையை எடுத்தால் ராணி எச்4 செக், ஜி3 வைத்து மறித்தால் ராணியையே கொடுத்து ஜி3-இல் வெட்டுவான், எச் சிப்பாயால் எடுத்ததும் பிஷப் ஜி3 செக்மேட். ஏழாவது மூவுக்கு வேலையே இல்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மூன்று நிமிட ஆன்லைன் பிளிட்ஸில் பிள்ளை ஜி4 ஆடி ஜெயிப்பதைப் பார்த்து மகிழாதீர்கள். அங்கே எதிராளிக்கு யோசிக்க நேரமில்லை. ரேட்டிங் போட்டியில் 90 நிமிடமும் மூவுக்கு 30 நொடியும் இருக்கிறது. சி6 கண்டுபிடிக்க அதில் கால்வாசிகூட வேண்டாம். நுழைவுக் கட்டணம் கட்டுவதற்கு முந்தின நாள் பலகையை வைத்து, "அவன் எடுக்காம சி6 ஆடினா நீ என்ன ஆடுவே?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பிள்ளை விழித்தால், அந்த ஐந்து ரவுண்டுக்கும் இ4-ஓ டி4-ஓ ஆடச் சொல்லுங்கள்.