பிளக் பாயிண்ட் சுவிட்சை அணைக்காதீர்கள்

இந்த வருடம் இதே தொல்லையில் மாட்டிய மூன்றாவது லேப் இது. 40 கம்ப்யூட்டர்கள், திங்கள் காலை ஆன்லைன் தேர்வு. ஞாயிறு இரவே வீட்டிலிருந்தபடி எல்லாவற்றையும் வேக்-ஆன்-லேன் மூலம், அதாவது நெட்வொர்க் வழியாகச் செய்தி அனுப்பி ஆன் செய்யும் வசதி மூலம் எழுப்பி, தேர்வு மென்பொருளை ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்றுகூட எழவில்லை. விடியற்காலையில் ஓடிப்போய் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால், பிளக் பாயிண்ட் சுவிட்ச் அத்தனையும் ஆஃப். நெட்வொர்க் கேபிள் செருகும் இடத்தில் எப்போதும் மினுக்கும் பச்சை விளக்கு ஒன்றில்கூட இல்லை.

"கரண்ட் வீணாகுதேன்னு நான்தான் சார் அணைச்சேன்" என்றார் லேப் உதவியாளர். பொறுப்பானவர். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது: ஷட் டவுன் வேறு, கரண்டைத் துண்டிப்பது வேறு. ஷட் டவுன் ஆன பிறகும் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மின்சாரப் பெட்டி) 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதை வைத்துத்தான் நெட்வொர்க் கார்டு விழித்திருக்கிறது. எழுப்புவதற்கு நாம் அனுப்பும் செய்தியான மேஜிக் பாக்கெட் வெறும் 102 பைட்: முதலில் எஃப்எஃப் என்ற மதிப்பு ஆறு பைட், பிறகு அந்தக் கம்ப்யூட்டரின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) 16 தடவை. சுவிட்சை அணைத்துவிட்டால் அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. "நெட்வொர்க்லதானே ஆன் ஆகுது, கரண்ட் எதுக்கு?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கேபிளில் போவது செய்தி மட்டும்தான் ஐயா! ஒரு கம்ப்யூட்டருக்கு 2 வாட் என்று வைத்தாலும், 40-க்கும் சேர்த்து 12 மணி நேரத்துக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. மிச்சம் பிடிக்க வேண்டுமா, மானிட்டரை அணையுங்கள், ஏசியை அணையுங்கள்.

தினமும் சுவிட்சை அணைத்தால் மதர்போர்டில் இருக்கும் சின்ன சீமாஸ் பேட்டரியும் சீக்கிரம் தீரும். பழைய போர்டுகளில் அதோடு பயாஸ் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளும் போய்விடும். பிறகு சுவிட்ச் போட்டிருந்தாலும் எழாது. பயாஸில் ஸ்டாண்ட்பை மின்சாரத்தையும் குறைத்துவிடும் ஈஆர்பி, டீப் ஸ்லீப் இரண்டையும் நிறுத்துங்கள். விண்டோஸில், முழுதாக ஷட் டவுன் ஆக விடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. நான் எழுப்ப முடிகிற கம்ப்யூட்டரை அதே நெட்வொர்க்கில் இருக்கும் வேறொருவரும் எழுப்பலாம். சாதாரண மேஜிக் பாக்கெட்டுக்குக் கடவுச்சொல் கிடையாது. பூட் வரிசையில் (கம்ப்யூட்டர் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற வரிசை) நெட்வொர்க் முதலில் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். நெட்வொர்க்கிலிருந்து பூட் செய்யும் வழக்கமான முறையான பிஎக்ஸ்இ, பதில் சொல்லும் சர்வர் யாருடையது என்று விசாரிப்பதில்லை. தொலைவிலிருந்து இன்ஸ்டால் செய்யும் வசதி கை தவறினால் என்ன ஆகும் என்பதை 2014 மே மாதம் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் பார்த்தது: டிஸ்க்கை அழித்து விண்டோஸ் 7 நிறுவும் கட்டளை தவறுதலாக எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கும் போனது, அனுப்பிய சர்வரே அழிந்தது.

ஹார்ட் டிஸ்க் முதலில் இருக்கட்டும். நெட்வொர்க் பூட் தேவைப்படும் அன்றைக்கு மட்டும் பூட் மெனுவில் தேர்ந்தெடுங்கள். பயாஸுக்குக் கடவுச்சொல் போடுங்கள். வெளியிலிருந்து எழுப்ப ரவுட்டரில் போர்ட் திறக்கவே கூடாது. விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக உள்ளே வந்து அனுப்புங்கள்.

இன்று மாலை லேபைப் பூட்டுபவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்தப் பச்சை விளக்கையும் அவருக்குக் காட்டிக்கொடுங்கள்.