நைட்ரைடு செய்ய குழாயை மூடுவதற்கு முன்

டைட்டேனியமும் நைட்ரஜனும் சேர்ந்த டைட்டேனியம் நைட்ரைடின் பொன்னிறத்துக்கு மயங்காத ஆராய்ச்சி மாணவர் குறைவு. சமன்பாடும் ஆசை காட்டும். டைட்டேனியம் டிரைகுளோரைடையும் லித்தியம் நைட்ரைடையும் கலந்து சூடாக்கினால் நைட்ரைடும் லித்தியம் குளோரைடும் கிடைக்கும். உப்பைத் தண்ணீரில் கழுவிவிடலாம். திண்மநிலை இடமாற்ற வினை என்று இதற்குப் பெயர்.

அந்தச் சமன்பாடு வெப்பத்தைக் காட்டுவதில்லை. ஒரு மோல் நைட்ரைடுக்குச் சுமார் 680 கிலோஜூல் வெளிப்படுகிறது. அதற்குக் காரணம் உருவாகும் உப்பின் நிலைப்புத்தன்மை. உலை பற்றவைப்பதோடு சரி. பற்றிய பின் சில நொடிகளில் கலவை ஆயிரம் டிகிரியைத் தாண்டும்போது, உலையின் திரை சாதுவாக 400 என்று காட்டிக்கொண்டிருக்கும். அந்த எண்ணை நம்பி அருகில் குனிந்து பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது.

லித்தியம் நைட்ரைடுக்குப் பதில் சோடியம் அசைடு எடுத்தால் சிக்கல் வேறு. ஒரு டைட்டேனியத்துக்கு வேண்டிய மூன்று அசைடில் ஒன்பது நைட்ரஜன் அணுக்கள். டைட்டேனியம் எடுத்துக்கொள்வது ஒன்றை மட்டுமே. மீதி எட்டும் நான்கு மூலக்கூறு வாயுவாகக் கிளம்பும். 20 மில்லிலிட்டர் குழாயில் ஒரு கிராம் அசைடு முழுதும் சிதைந்து, வெப்பநிலை 700 டிகிரி செல்சியஸை எட்டினால் உள்ளே ஏறக்குறைய 90 வளிமண்டல அழுத்தம். நாம் உருக்கி மூடும் சாதாரண குவார்ட்ஸ் குழாய் அதற்கு அருகில்கூட வராது. இந்தக் கணக்குக்கு இரண்டு நிமிடம் போதும். அது குறிப்பேட்டில் இல்லாவிட்டால் நான் ஒப்புதல் கையெழுத்துப் போடுவதில்லை.

அசைடு கடும் நஞ்சு. உலோகக் கரண்டியால் அள்ளக் கூடாது. பிளாஸ்டிக் அல்லது பீங்கான் கரண்டி போதும். அமிலம் பட்டால் வெடிக்கக்கூடிய, நச்சுத்தன்மையுள்ள ஹைட்ரசோயிக் அமிலம் வரும். ஆகவே வினை முடிந்த பொடியை உடனே நீர்த்த அமிலத்தால் கழுவும் வழக்கம் எனக்குச் சற்றும் பிடிக்காது. மிச்ச அசைடு இல்லை என்று உறுதிசெய்த பிறகே அதைச் செய்யலாம். கழுவிய நீரைத் தொட்டியில் ஊற்றினால், செம்பு, ஈயக் குழாய்களில் வெடிக்கும் அசைடுகள் படியும்.

லித்தியம் நைட்ரைடு ஈரத்தோடு சேர்ந்தால் அம்மோனியாவும் காரமும் தரும்; தீப்பற்றினால் தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் உதவாது, உலோகத் தீக்கான உலர்பொடிதான் வேண்டும். இதைக் கையாளும் காற்றுப்புகாத கையுறைப் பெட்டியிலேயே லித்தியம் உலோகத்தையும் கையாள்பவர்கள் ஆர்கான் நிரப்பியதையே பயன்படுத்த வேண்டும், ஏனெனில் லித்தியம் நைட்ரஜனையும் விடாது. கலனை முழுதும் ஆறிய பின் திறப்பது நல்லது. நுண்பொடி சூடாகக் காற்றைக் கண்டால் எரியலாம்.

அவசரமில்லாதவர்களுக்கு என் பரிந்துரை அம்மோனியா வழி. வெள்ளை டேன்டலம் ஆக்சைடை 850 டிகிரி வாக்கில் அம்மோனியா ஓட்டத்தில் மணிக்கணக்காக வைத்தால் சிவந்த டேன்டலம் நைட்ரைடு வருகிறது. வினை நம் பிடியிலேயே இருக்கும். ஆனால் அந்த வெப்பத்தில் அம்மோனியாவின் ஒரு பகுதி பிரிவதால், வெளியேறும் வாயுவில் ஹைட்ரஜனும் உண்டு. தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் நைட்ரஜனால் குழாயைத் துடைத்தெடுக்க வேண்டும். பித்தளை இணைப்புகளை அம்மோனியா அரிக்கும். துருப்பிடிக்காத எஃகு போடுங்கள். வாயுவைக் கடைசியில் அமிலநீரில் குமிழவிடுகிறோம் அல்லவா? அம்மோனியா நீரில் மிக எளிதாகக் கரைவதால், ஓட்டம் குறைந்த கணத்தில் அந்த நீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுச் சூடான குழாய்க்குள் பாயும். இடையில் ஒரு காலிக் குப்பியை இணைத்திருந்தால் நீர் அதிலேயே நின்றுவிடும்.